ஏரிக்கரைக் கழனியில் ட்ரோன் பந்தயம்

திருப்புலிவனம்
29.12.2025

டேய் ஒல்லி,

இந்தப் பேரை எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முபாரக் என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஊரானுக்கு எழுதுவது போல இருந்தது. பத்து வருஷம் என் வீட்டில் சோறு தின்றவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? அதற்காக மனசு மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. என் பிள்ளையின் பதினாறாம் நாள் காரியத்தில், ஊர் பார்க்கக் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன், இந்த வாயால் உன்னோடு பேசமாட்டேன் என்று. அது அப்படியேதான் இருக்கிறது. எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. அஞ்சாவது வரை படித்தவள் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள், இல்லாவிட்டால் போ.

சுகுமாரோட நைனா உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தாராம். ஒரு நோட்டீசை அவர் கையில் திணித்து அனுப்பியிருக்கிறாய். ட்ரோன் பந்தயம், சுகுமார் நினைவாக, பிப்ரவரி எட்டாம் தேதி என்று போட்டிருக்கிறது. இடம் என்று போட்டதற்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அந்த இடம் எங்கள் ஏரிக்கரைக் கழனி என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கழனியில்தானே அவன் விழுந்தான்? நீ ஓட்டினது. நீ கரண்ட் கம்பியில் கொண்டுபோய் மாட்டினது. அதைத் தட்டிவிட அலுமினியக் குழாயைத் தூக்கிக்கொண்டு போனது அவன். நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய்.

அந்த ஆட்டத்தை நான் பார்க்காதவள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காணும் பொங்கலுக்குப் பள்ளிக்கூடத்துத் திடலில் நடத்தினீர்களே. ஆறு பேர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தீர்கள். மூஞ்சியை மறைத்து ஒரு பெரிய கண்ணாடி. குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி சத்தம். எங்கே என்று பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பக்கத்துக் கழனி பாஞ்சாலி என் தோளில் இடித்துக் கேட்டாள், “இன்னாடி பவளம், உன் புள்ள கொசுவுக்கா ரேஸ் வுட்டுக்கினு கீறான்?” எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். கால் மணி நேரத்தில் ஜனம் பூரா ஐஸ் வண்டிப் பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வந்த சுகுமார் சோறு தின்னவில்லை.

கண்ணுக்கே தெரியாத ஆட்டத்தை எவன் உட்கார்ந்து பார்ப்பான்? அதற்கா என் பிள்ளை போனான்?

கழனி கிடையாது.

பவளம்


ஒரகடம்
4.1.2026

அன்புள்ள அம்மாவுக்கு,

உறையின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்தேன். ஷிப்ட் முடியும்வரை பிரிக்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நீங்கள் திட்டியிருப்பீர்கள் என்று தெரியும். ஒல்லி என்று எழுதியிருப்பீர்கள் என்று தெரியாது.

கழனியைக் கேட்டதற்குக் காரணம் சொல்கிறேன். கேட்டுவிட்டு மறுபடியும் இல்லை என்று சொல்லுங்கள்.

சென்னையில் கல்பனா மேடம் என்று ஒருவர், ட்ரோன் பந்தயம் நடத்தும் குழுவில் இருக்கிறார். கல்லூரி மைதானத்தில் நடத்திப் பார்த்தார்கள். பெரிய அரங்கத்தில் விளக்கு, பாட்டு, திரை எல்லாம் வைத்தும் நடத்திப் பார்த்தார்கள். கூட்டம் வருகிறது, செல்போனில் படம் எடுக்கிறது, கடைசிச் சுற்றுக்கு முன்னால் எழுந்து போய்விடுகிறது. இது ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான் விளையாட்டு, பார்க்கிறவனுக்கு ஒன்றுமில்லை, இதோடு விட்டுவிடலாம் என்கிறார்கள். சுகுமார் இருந்தபோது அந்த மேடத்திடம் சொன்னான், “எங்க ஊர்ல உக்கார வச்சிக் காட்றேன் மேடம். எங்க ஊர் ஜனம் உக்காந்தா எந்த ஊர் ஜனமும் உக்காரும்.” அந்த வார்த்தைக்காகத்தான் அவர் கடைசியாக ஒரு பந்தயத்துக்குச் சம்மதித்திருக்கிறார். கடைசிச் சுற்று வரை ஜனம் உட்கார்ந்தால் வருஷா வருஷம் நடக்கும். உட்காராவிட்டால் அத்தோடு முடிந்தது.

உங்கள் கழனி எதற்கு என்றால், ஏரிக்கரை பக்கத்தில் இருக்கிறது. கரைச் சரிவில் முந்நூறு பேர் உட்காரலாம், கீழே முழுக் கழனியும் தெரியும். இதைக் கண்டுபிடித்தது நானில்லை, அவன்தான்.

நீங்கள் எழுதிய மற்றது. ஆமாம், நான் ஓட்டியதுதான் கம்பியில் மாட்டியது. நான் நாற்காலியில்தான் இருந்தேன். எதையும் மறுக்கவில்லை. அதற்குமேல் ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். காகிதம் அசிங்கமாக இருக்கிறது, மன்னிக்கவும்.

முபாரக்


திருப்புலிவனம்
11.1.2026

ஒல்லி,

அடித்த வரியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ‘அன்னைக்கு’ என்கிற ஒரு வார்த்தைதான் தெரிகிறது. அன்னைக்கு என்ன? எழுதினால் எழுது, எழுதாவிட்டால் சும்மா இரு. அடித்துவிட்டேன் என்று சொல்லி ஒரு பொம்பளையை நாலு நாள் தூங்கவிடாமல் பண்ணாதே.

மறுக்கவில்லை என்று வேறு எழுதியிருக்கிறாய். ஏன் மறுக்கவில்லை? பதினாறாம் நாள் அத்தனை பேர் நடுவில் உன்னைக் கேட்காத கேள்வி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். உங்க அம்மா உம்முல் குல்சும்கூட, “எதனா பேசேன்டா, வாயில இன்னா கொழுக்கட்டயா கீது?” என்று உன்னைப் பிடித்து உலுக்கினாள். நீ பேசவில்லை. தப்பு செய்தவன்தான் அப்படி நிற்பான் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

உங்கள் மேடத்திடம் நான் சொன்னேன் என்று சொல். ஜனம் ஏன் உட்காரவில்லை என்று கண்டுபிடிக்க இத்தனை செலவு வேண்டாம். கபடி பார்க்க ஏன் உட்காருகிறோம்? பிடிபட்டவன் மூச்சு நமக்குக் கேட்கிறது. முழங்கால் தேய்ந்து ரத்தம் வருவது தெரிகிறது. அவன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். உங்கள் ஆட்டத்தில் ஆடுகிறவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பறக்கிறது எவனுடையது என்று எவளுக்குத் தெரியும்? திரை வைத்தீர்களாம். திரையில் பார்க்க வீட்டில் டிவி இருக்கிறதே, வெயிலில் எதற்கு வந்து காய வேண்டும்?

நடத்துவது என்றால் ஓட்டுகிறவனை ஜனத்தைப் பார்த்து உட்காரவை. எந்த ஊர்ப் பையன் என்று கத்திச் சொல்ல வாயுள்ள ஆளை வை. சென்னையிலிருந்து கோட்டுப் போட்டவனைக் கூட்டிவராதே. பாஞ்சாலி கையில் மைக்கைக் கொடு, அவள் வாய்க்கு எருமைமாடுகூட உட்கார்ந்து கேட்கும். பொழுது சாய்கிற நேரத்தில் கடைசிச் சுற்றை வை, விளக்காவது தெரியும்.

இது வேறு எங்காவது நடத்துவதற்குச் சொன்னது. எங்கள் கழனியில் இல்லை.

பவளம்


ஒரகடம்
17.1.2026

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கல்பனா மேடத்துக்குப் படித்துக் காட்டினேன். திட்டிய பக்கத்தை விட்டுவிட்டு மற்றதை. அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், “நாங்க மூணு வருஷம் கேமராவத்தான் யோசிச்சோம், நாற்காலிய யோசிக்கல” என்றார். நீங்கள் சொன்னபடியே வைக்கிறோம் என்கிறார். ஓட்டுகிறவர்கள் கரையைப் பார்த்து உட்காருவார்கள். நேற்று பாஞ்சாலி அக்காவைக் கேட்டேன். “மைக்கு எனுக்கு எதுக்குடா? வச்சிகினா பக்கத்து ஊரு காது கிழிஞ்சிடும்” என்றார்கள். ஒத்துக்கொண்டார்கள்.

இடம் மட்டும்தான் பாக்கி. அம்மா, வேறு இடம் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். கரை இல்லை.

கம்பியைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம். லைன்மேன் ஜான்சன் அண்ணனிடம் பேசிவிட்டேன். பந்தயம் முடியும்வரை அந்தக் கழனி லைனை நிறுத்திவிட்டு, பீஸ் கட்டைகளைக் கழற்றித் தன் கையிலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கம்பியில் எது மாட்டினாலும் அன்றைக்கு யாரும் எடுக்கக்கூடாது என்பது முதல் விதி.

பேசும்போது அவர் ஒன்று கேட்டார். “ரெண்டு பேரும் கழனிக்காட்டுல பொறந்தவனுங்க. லைன் உயிரோட கீதா இல்லியான்னு பாக்காம எப்டிடா குழாய எடுத்துக்கினு போனான்?” நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவர் மறுபடியும் கேட்பார்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

முபாரக்


திருப்புலிவனம்
20.1.2026

ஒல்லி,

கழனியை எடுத்துக்கொள். இருபத்தெட்டாம் தேதி அறுப்பு. அதற்கப்புறம் உங்கள் இஷ்டம்.

அவன் பேரைப் பேனரில் போடாதே. ஜனம் அவன் பேரைப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஆட்டத்துக்காக உட்கார்ந்ததாக எப்படிச் சொல்லுவது?

ஜான்சன் மறுபடி கேட்டால் எதுவும் பேசாதே. போலீஸ்காரர் வந்தபோது நீ என்ன எழுதிக் கொடுத்தாய் என்று நான் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

பவளம்


ஒரகடம்
9.2.2026

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று நீங்கள் கரையில் உட்கார்ந்திருந்தீர்கள். இருபது அடி தூரம்தான். பக்கத்தில் வந்து நிற்கலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். உங்கள் சத்தியம் ஞாபகம் வந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் எனக்குத் தெரிவது என் ட்ரோன் பார்ப்பது மட்டும்தான். ஜனம் இருந்ததா, போனதா, ஒன்றும் தெரியாது. கடைசிச் சுற்றில் கூரத்துப் பையன் என்னை இடித்தான். என்னுடையது சுழன்று போய் அதே கம்பியில் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றினேன். ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் உங்களைப் பார்த்தேன். வேறு யாரையும் பார்க்கவில்லை. உடனே வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை என்று கல்பனா மேடம் சொல்கிறார். எனக்காகச் சொல்கிறாரோ என்று இருக்கிறது. நீங்கள் பொய்யாகப் பாராட்டமாட்டீர்கள். என்ன நடந்தது என்று எழுதுவீர்களா?

இன்னொன்று. மேடம் அடுத்த வருஷத்துக்கும் அனுமதி கேட்கப் போகிறார். அந்த இடத்தில் முன்பு நடந்த விபத்து எப்படி நடந்தது, யார் தவறு என்று, பக்கத்திலிருந்த நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். லைனில் கரண்ட் இல்லை என்று நான்தான் சுகுமாரிடம் சொன்னேன் என்று எழுதப் போகிறேன். போலீசிலும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். இப்படி எழுதினால் இனி என்னை ஓட்டுவதற்குச் சேர்க்கமாட்டார்கள். பரவாயில்லை. வருஷா வருஷம் பந்தயம் நடந்தால் போதும். பதினைந்தாம் தேதி கொடுக்க வேண்டும்.

நீங்கள் எதற்கும் கவலைப்படாதீர்கள்.

முபாரக்


திருப்புலிவனம்
11.2.2026

ஒல்லி,

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் என்னால் சொல்ல முடியுமோ முடியாதோ.

ஜனம் போகவில்லை. மூன்று மணிக்கு நூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் எழுந்துபோகிற மாதிரி செருப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். வானத்தைப் பார்த்தால் முன்பு போலவேதான், ஒன்றும் பிடிபடவில்லை. பாஞ்சாலியும் கொஞ்ச நேரம் “வருது, போவுது, வருது” என்று கத்திப் பார்த்துவிட்டு அலுத்துப்போனாள். பிறகு அவள்தான் கண்டுபிடித்தாள். மாகறல் ஊர்ப் பையன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் கால் கட்டைவிரல் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மடங்குகிறது. “அடியே, மேல இன்னா பாக்குறீங்க? கால பாருங்கடி! வெரலு மடங்குச்சுன்னா திரும்பப் போறான்! தே, மடங்கிச்சு! தே, திரும்பிச்சு!” என்று மைக்கில் கத்தினாள். அவ்வளவுதான். ஜனம் பூரா காலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. விரல் மடங்கியதும் கரை முழுக்க “மடங்கிச்சு!” என்று கூவும். உடனே எல்லார் தலையும் ஒன்றாகத் திரும்பும். அந்த இடத்தில் சரியாக அவன் ட்ரோனின் பச்சை விளக்கு, நட்டுவைத்த வளையத்துக்குள் போகும். நான்கூடக் கத்தினேன். கத்தியது தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

கூரத்துப் பையன் பல்லைக் கடிக்கிறவன். நீ மூச்சை அடக்குகிறவன். உன் நெஞ்சு எழும்பாமல் இருந்தால் நீ முந்தப்போகிறாய் என்று பாஞ்சாலி சொன்னாள். “மூச்சு வுடுடா ஒல்லி, செத்துகித்துத் தொலைக்காத!” என்றாள். அப்படியும் சிரித்தார்கள். பொழுது சாயும்போது முந்நூறு பேருக்கு மேல். நைனாவே உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு பார்த்தார்.

உன்னுடையது கம்பியில் விழுந்ததும் சத்தம் நின்றது. யாரும் போகவில்லையடா. மூச்சு விடவில்லை, அதுதான். ஜான்சன் பீஸ் கட்டை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, “லைன் செத்துக் கீது! கட்டை என் கையில கீது!” என்று கத்தினார். அப்படியும் ஒருத்தரும் கம்பத்துப் பக்கம் ஓர் அடி வைக்கவில்லை. நீ கண்ணாடியைக் கழற்றினாய். முதலில் கம்பத்தைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். நீ வண்டிக்குப் போன பிறகும் அவர்கள் எழவில்லை. மாகறல் பையன் முடிக்கும் வரை இருந்து கை தட்டினார்கள். ஆட்டத்துக்காகத்தான் தட்டினார்கள். என் பிள்ளை சொன்னது நடந்தது.

இப்போது மற்றது. நீ அந்தப் பேப்பரில் அப்படி எழுதாதே. அது பொய்.

கவலைப்படாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வரியில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் சுகுமாருக்குப் போனில் சொன்னது உன் காதில் விழுந்திருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டிருப்பான், கையில் குழாய் இருந்திருக்கும். ஒரு வருஷமாக நீ கேட்டாயா கேட்கவில்லையா என்று தெரியாமல் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். நீ கேட்டுவிட்டு, தலையைக் குனிந்து நின்றிருக்கிறாய்.

யாருக்கும் சொல்லாததை எழுதுகிறேன். நம் பக்கத்தில் கரண்ட் இருக்கிறதா என்று யார் கேட்கிறோம்? மோட்டார் ஓடுதா என்றுதான் கேட்போம், ஓடவில்லை என்றால் கரண்ட் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கிணற்று மோட்டாருக்கும் ஏரிக்கரைக்கும் ஒரே லைன். அன்றைக்குக் காலையிலிருந்து நவரை நெல் நாற்றுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாஞ்சாலி வந்து, “உன் வாய்க்கா உடைஞ்சி தண்ணியெல்லாம் என் உளுந்துல பூந்துகினு கீது, கண்ணு இன்னா பொடனியிலயா கீது?” என்று சண்டைக்கு வந்தாள். நான் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு, மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தேன். கையைக் கழுவக்கூட இல்லை, போன் அடித்தது.

“யம்மா, மோட்டார் ஓடுதா?”

“ஓடலடா.”

வைத்துவிட்டான். ஏன் கேட்டான் என்று நான் யோசிக்கவில்லை. அவள் மேல் இருந்த கோபத்தில் இருந்தேன். நான்தான் நிறுத்தினேன் என்று இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த போன் உன்னுடையது.

யாராவது என்னைக் கேட்டுவிடுவதற்கு முன்னால் நான் உன்னைக் கேட்டேன். அதற்குத்தான் அந்தக் கற்பூரம், அந்தச் சத்தியம் எல்லாம். நீ வாயைத் திறந்தால் என்ன சொல்வாயோ என்கிற பயத்தில்தான் உன்னோடு பேச்சே வேண்டாம் என்று அடைத்தேன். நைனாவுக்கு இன்று காலையில் சொன்னேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர் இன்னும் வரவில்லை.

பேப்பரில் உள்ளதை உள்ளபடி எழுது. அவன் அம்மாதான் ஓடவில்லை என்று சொன்னாள் என்று எழுது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ நானும் வந்து போடுகிறேன். ஜான்சனுக்கும் நானே சொல்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. எத்தனை கேள்வி கேட்கிறவன் அவன்! சோறு குழைந்தால் ஏன் குழைந்தது என்பான், பஸ் வராவிட்டால் ஏன் வரவில்லை என்பான். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டான். அன்றைக்கு நான் ஓடல என்றேன். ஏம்மா ஓடல என்று ஒரு வார்த்தை, அவன் ஏண்டா கேக்கல?